செவெரினின் சாவுக்கு வைத்த கட்டி

ஆல்ப்ஸ் மலையில், எங்கள் வாலே வட்டாரத்தில், கல்யாணத்தன்றே சாவுக்கும் ஏற்பாடு செய்துவிடுவார்கள். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அவரவர் பெயர் பொறித்த பாலாடைக்கட்டி ஒவ்வொன்று நிலவறைக்குப் போகும். அவரவர் அடக்கத்தன்றுதான் அதை வெட்டி வந்தவர்களுக்குப் போட வேண்டும். இரவல் கட்டியோடு ஒருவனை அடக்கம் செய்தால் ஊர் மூன்று தலைமுறைக்குப் பேசும். பிலொமீனாவின் கணவர் செவெரின் தன் கட்டியை ஒரு கதைக்குக் கொடுத்துவிட்டார்.

குளிர்காலத்தில் அவர் பள்ளிக்கூட வாத்தியார். கோடையில் மேய்ச்சல் குடிசை குடிசையாக ஏறிக் கதை பொறுக்குவார். நடுவில் கவிதையும் எழுதினார். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. தொண்ணூற்றொன்பது கதை சேர்ந்து, புத்தகத்துக்கு ஒன்றே ஒன்று குறைந்தது. மாடு மேய்க்கும் தெயோடூல், தன் அப்பன் சொன்ன கதை ஒன்று தன்னிடம் இருப்பதாகச் சொன்னான். பனியாற்றின் மேல் வரிசையாக நடந்துபோகும் செத்தவர்களில் ஒருத்தி, வலது காலுறையில் ஓட்டை என்று பின்தங்கிவிடுகிற கதை. அதற்கு அவன் கேட்டது அந்தக் கட்டியை.

"நீங்க செத்தா ஊருக்கு என்னத்த வெட்டிப் போடுவேன்? உங்க புஸ்தகத்தையா?" என்றாள் பிலொமீனா.

"பால்ல ஊறவச்சா மெல்லலாம்," என்றார் செவெரின்.

புத்தகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அந்த ஒரு கதையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

பதினோரு வருஷம் கழித்து, ஒரு மார்ச் மாதம், நெஞ்சுச்சளியில் செவெரின் போய்ச் சேர்ந்தார். கல்லறையிலிருந்து திரும்பியவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வெறும் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிலொமீனா நிலவறைக்குப் போய்த் தன் பெயர் பொறித்த கட்டியைத் தூக்கி வந்தாள். தன் அடக்கத்துக்கு என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. அன்று அவர் மானம் போகக் கூடாது, அவ்வளவுதான்.

கத்தியை எடுக்கும்போது வாசலில் தெயோடூல் நின்றான். முதுகில் செவெரினின் கட்டி. அவளை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"வெட்டாதீங்க வாத்தியாரம்மா. அந்தக் கதை எங்கப்பன் சொன்னதில்ல. இதுக்கு ஆசப்பட்டு நானா அவுத்து விட்டது. அப்புறம் திங்க மனசு வரல."

"அவருக்குத் தெரியுமா?"

"அந்த வருஷமே சொல்லிட்டேன். 'மத்த தொண்ணூத்தொம்பதும் எவனோ அவுத்து விட்டதுதான். அவனுங்களுக்கு யாரும் ஒண்ணும் குடுக்கல, நீயாவது வச்சுக்க'ன்னுட்டாரு."

இறுகிப்போயிருந்த செவெரினின் கட்டியைப் பிளக்கக் கோடரி தேவைப்பட்டது. முதல் துண்டைப் பிலொமீனா தெயோடூலிடம் கொடுத்தாள்.

"தின்னுட்டு அந்தக் கதையச் சொல்லு."

சொன்னான். காலுறை வந்த இடத்தில், கோயில் மணியடிக்கும் பெரியவர் மென்றுகொண்டே குறுக்கிட்டார்.

"தப்பாச் சொல்றான். எங்க தாத்தா சொன்னதுல அது எடது கால்."

செவெரின் இருந்திருந்தால் நோட்டை எடுத்திருப்பார். காலையிலிருந்து வராத அழுகை பிலொமீனாவுக்கு அப்போதுதான் வந்தது.