வந்தவர் பெயரை மாற்றலாமா

இங்கே ஜெர்மனியில் வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் கை தட்டுவதில்லை. விரல் முட்டியால் மேசையைத் தட்டுகிறார்கள். முதல் நாள் இருபது பேர் ஒன்றாகத் தட்டியபோது, வாத்தியாரை விரட்டுகிறார்கள் போலிருக்கிறது என்று பையைக் கையில் எடுத்துவிட்டேன். பாராட்டாம். பாராட்டைக் கேட்டே பயப்படுகிற ஆளாகிவிட்டேன், பாருங்கள்.

மொழியியலும் தத்துவமும் படிப்பவர்களுக்கான லாம்ப்டா கால்குலஸ் செமினார் அது. ஒரு வாக்கியத்தின் பொருளைத் துண்டு துண்டாகச் சேர்த்து, சூத்திரமாகக் கட்டிக் காட்டுகிற வித்தை. திருச்செங்கோட்டு ரிக் லாரியோடு போர்வெல் போட ஊர் ஊராகப் போன காலத்தில், துளைக்குள் ராடு இறங்கும் நேரமெல்லாம் செல்போனில் நானாகப் படித்தது. அங்கே தப்பாகப் படித்தாலும் கேட்க ஆளில்லை. இங்கே ஒவ்வொருவரும் பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும். போன பருவத்தில் கோட்டைவிட்டேன். இந்த முறையும் விட்டால் சான்றிதழ் கிடையாது. அது இல்லாமல் விசாவை நீட்டிக்க மாட்டார்கள்.

அன்று காலை அம்மா போனில் கேட்டாள்.

"என்ன சாமி, கொரலே செரியில்ல?"

"இன்னைக்கு போர்டுல எழுதோணும்மா."

"எழுது. அடிக்கவா போறாங்க?"

"அடிச்சாத் தேவல. ஊட்டுக்கு அனுப்பிருவாங்க."

"நம்மூட்டுக்கு வாரதுக்கு எதுக்கு சாமி பயம்?"

வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று போனை வைத்தேன்.

அம்மா என்னை 'சாமி' தவிர வேறு பெயரால் கூப்பிட்டதே இல்லை. எனக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர், அர்த்தநாரி. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை. "பேரு நீங்க எதுவேணா வெச்சுக்கங்க, நாங் கூப்புடறது சாமிதானுங்க" என்று பெயர் வைத்த அன்றே சொல்லிவிட்டாளாம். தாத்தா இறந்த பிறகும் அப்படித்தான். இங்கே வந்ததும் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. நானே 'ஆரி' என்று வெட்டிக்கொண்டேன்.

வகுப்பில் என் முறை வந்தது. பலகையில் இருந்த சூத்திரத்தை ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 'ஒய்' என்று ஒருவர்; அந்தப் பெயர் அந்த வீட்டுக்குள் மட்டும் செல்லும். வெளியிலிருந்து கொண்டுவந்து உள்ளே வைக்க வேண்டியவர் பெயரும் 'ஒய்'. அப்படியே வைத்தால் இருவரும் ஒருவராகிவிடுவார்கள், வாக்கியம் வேறு எதையோ சொல்லும். சாக்பீஸ் விரலில் ஈரமாகிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து வந்தவரை 'இசட்' என்று மாற்றினேன்.

"ஏன் அவரை மாற்றினீர்கள்?" என்றார் பேராசிரியை.

"வந்தவர்தானே மாற வேண்டும்?"

வகுப்பு சிரித்தது. வேடிக்கையாகச் சொன்னேன் என்று நினைத்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பெயர் வெளியே உள்ள ஒருவரைக் குறிக்கிறது. மாற்றினால் அவரோடு உள்ள தொடர்பு அறுந்துவிடும். உள்ளே இருப்பவருக்கு எந்தப் பெயர் வைத்தாலும் ஒன்றுதான். இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது."

எங்கள் வீட்டில் நடந்தது அப்போதுதான் உறைத்தது. ஊரறிந்த தாத்தாவின் பெயரை அம்மா தொடவே இல்லை. வீட்டுக்குள் கிடந்த என் பெயரைத்தான் மாற்றினாள். எழுதியிருந்ததை அழித்தேன். உள்ளே இருந்த 'ஒய்'களை மட்டும் மாற்றி, வந்தவரை வந்தபடியே வைத்தேன். வரி வரியாகச் சூத்திரம் சுருங்கி விடைக்கு வந்தது. "சரி" என்று அவர் பேனாவை எடுத்தபோது புதிய பயம் பிடித்தது. அவர் கையிலிருந்த பட்டியலில் ஆரி என்று இருந்தது. பாஸ்போர்ட்டில் அப்படி ஒரு ஆளே இல்லை. அந்தப் பெயரில் சான்றிதழ் வாங்கி விசா அலுவலகத்தில் எப்படி நீட்டுவது? ஏமாற்றினேன் என்று நினைப்பாரோ? என் முழுப் பெயர் வேறு என்று திக்கித் திக்கிச் சொன்னேன். தாளை என் பக்கம் தள்ளினார். முழுப் பெயரை எழுதினேன்.

அவர் எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்தார். பிறகு தலை நிமிர்ந்து, தெளிவாக, சத்தமாகவே கூப்பிட்டார்: "அர்த்தநாரி."

நான் திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில் தாத்தா எழுந்து நிற்பார் என்று காத்திருந்தேன்.