வீட்டுக்காரி காட்டிய இலங்கை

பிராங்பேர்ட்டுக்கு வெளியே நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி, தொண்ணூறுகளில் ஒரு குளிர்காலம் புருஷனோடு இலங்கைக்கு உல்லாசப் பயணம் போனாள். வெயிலில் மூக்குத் தோல் உரிந்து திரும்பியவள், படம் பார்க்க வரும்படி எங்களைக் கூப்பிட்டாள். சுவரில் வெள்ளைத் துணி கட்டி, ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, ஊர் சுற்றிய கதையை விருந்தாளிகளுக்குச் சொல்வது அப்போது இங்கே வழக்கம்.

என் கணவர் மத்தியானமே என்ன கதைப்பது என்று ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிட்டார். எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. வதிவிட அனுமதி கொடுக்கும் வெளிநாட்டவர் கந்தோருக்கு எங்களோடு வந்து எங்களுக்காகச் சண்டை பிடிக்கிற ஒரே ஆள் அவள்தான்.

"அழகான நாடு எண்டு சொன்னால், பிறகேன் ஓடி வந்தனீங்கள் எண்டு கேப்பா. அழகில்லை எண்டால் மனம் நோகும். சாப்பாட்டைப் பற்றி மட்டும் நீர் கதையும்," என்றார்.

"நான் வாயே திறக்கமாட்டன். நீங்களே கதையுங்கோ," என்றேன்.

கதைத்தார். வீட்டுக்காரி காட்டியது ஒரு நாள் பயணம்: முதலில் தெற்கே காலி நகரத்துக் கோட்டை, பிறகு ஆமைக்குஞ்சு வளர்க்கும் இடம், பின்னேரம் கடற்கரை. கடலில் நட்ட கம்பத்தில் ஏறியிருந்து தூண்டில் போடுகிறவர்களின் படம் வந்தது. "உங்கள் ஆட்களும் இப்படித்தான் பிடிப்பார்களா?" என்று புருஷன்காரர் கேட்டார். தன் சித்தப்பா இதில் கெட்டிக்காரர் என்றார் என் கணவர், கொஞ்சமும் கூசாமல். சித்தப்பா தபால் கந்தோரில் இருந்தவர். மீன் சந்தைப் பக்கம் போனாலே மூக்கைப் பொத்துவார். நான் சிரிப்பை அடக்கக் கேக்கை வாயில் அடைத்துக்கொண்டேன்.

இவருக்கு உற்சாகம் ஏறிவிட்டது. கப்பலுக்கு வழி காட்டும் காலி வெளிச்சவீட்டில் ஏறியதாகவும், ஆமைக்குஞ்சைக் கடலில் விட்டதாகவும் அளந்தார். வடக்கே எங்கள் யாழ்ப்பாணத்தை விட்டால், இலங்கையில் அவர் கண்டது வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் எங்களை அடைத்து வைத்த கொழும்பு லொட்ஜ் அறையை மட்டும்தான்.

கடைசியில் கடற்கரை வந்தது. சாய்ந்த தென்னைகளின் கீழே வீட்டுக்காரி செவ்விளநீரோடு படுத்திருந்தாள். உண்மையிலேயே அழகான இடம். எனக்குப் பொறாமையாக இருந்தது.

"இப்படியான இடத்தை விட்டு ஏன் இங்கே வந்தீர்கள்?" என்று புருஷன்காரர் கேட்டார்.

கதை அளந்துகொண்டிருந்தவர் குனிந்து கேக்கை வெட்டத் தொடங்கினார். வீட்டுக்காரி எங்களைத் திரும்பிப் பார்த்தாள். இனி அவள் எங்களோடு கந்தோருக்கு வருவாளா என்பது எங்கள் பதிலில்தான் இருந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"எங்கள் ஊர்ப் படம் இல்லையா?" என்று கேட்டேன்.

"யாழ்ப்பாணம் போகத்தான் கேட்டோம்," என்றாள். "சாரதி சிரித்தார். அங்கே சண்டை, பாதை பூட்டியிருக்கிறது என்றார்."

"பூட்டின பாதைக்கு அந்தப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. நீங்கள் காட்டிய எதையும் நாங்கள் கண்டதில்லை."

அவள் என் கணவரைப் பார்த்தாள். அவர் தன் தட்டைப் பார்த்தார். அவள் ஸ்லைடுகளை முதலில் இருந்து அடுக்கி, எங்கள் நாட்டை எங்களுக்கு விளக்கத் தொடங்கினாள்.

அடுத்த டெர்மினுக்கு, கந்தோரில் எங்களுக்குக் குறித்துத் தந்த நாளுக்கு, அழைக்காமலே வந்தாள். இவர்களின் ஊருக்குப் பாதையே இல்லை என்று அதிகாரியிடம் மேசையில் தட்டிச் சொன்னாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டார்.

"நான் அந்தப் பாதை வரைக்கும் போனேன். இராணுவம் என்னைத் திருப்பி அனுப்பியது," என்றாள், கண்ணிமைக்காமல்.

நாங்கள் இருவரும் ஓம் என்று தலையாட்டினோம்.