கோடு போட்ட இந்தி

எனக்கு எட்டு வயதில் இந்தி கற்றுக்கொடுத்தவருக்கு இந்தி தெரியாது. நாலு மாதம் வரைக்கும் இது எனக்கும் தெரியாது, அப்பா அம்மாவுக்கும் தெரியாது. சித்திக்கு மட்டும் முதல் நாளே தெரியும்.

சித்தி அம்மாவின் தங்கை. பி.காம். முடித்துவிட்டு, கம்ப்யூட்டர் கோர்ஸ் படிப்பதற்காகப் பீர்க்கன்கரணையில் எங்களோடு வந்து தங்கியிருந்தாள். எனக்குத் தலை பின்னிவிடுவது, ஹோம்வொர்க் பார்ப்பது எல்லாம் அவள்தான். எங்கள் ஊர் ஏரியில் முதலை இருக்கிறது என்று அவள் சொன்னதால் நான் ஒரு வருஷம் கரைப்பக்கமே போகவில்லை. அம்மா என்னை இந்தி வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று புலம்பிக்கொண்டிருந்த சமயத்தில், தாம்பரத்தில் ஒரு நல்ல சார் இருக்கிறார், சனிக்கிழமைதோறும் நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள் சித்தி. தங்கையின் பொறுப்பை எண்ணி அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வகுப்பு ஒரு பேக்கரியில், சுவர் ஓரத்து மேஜையில் நடந்தது. மற்ற பிள்ளைகள் கேட்டால் பொறாமைப்படுவார்கள், இடத்தை யாரிடமும் சொல்லாதே என்று சித்தி சொல்லியிருந்தாள். சார் ஒல்லியாக இருப்பார். ஏதோ ஒரு கம்பெனியில் ஷிப்ட் முடித்து, சாம்பல் நிற யூனிஃபார்மோடு நேராக வருவார். இந்தி சார்களின் உடை அதுதான்போல என்று நினைத்துக்கொண்டேன். முதலில் எனக்கு ஒரு முட்டை பப்ஸ் வரும். வாயில் பப்ஸ் இருக்கும்வரை இந்தி நுழையாது என்பதால், அதுவரை அவரும் சித்தியும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இந்தி சுலபமான பாஷையாக இருந்தது. தமிழில் எழுதி, எழுத்துகளின் தலைக்கு மேல் துணி காயப்போடும் கொடிபோல ஒரு கோடு இழுத்தால் போதும். இது தமிழ் மாதிரியே இருக்கிறதே என்று ஒருநாள் கேட்டேன்.

"ரெண்டும் நம்ம நாட்டு பாஷதானேம்மா? அப்டித்தான் கீது" என்றார். சித்தி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

சொல்லின் கடைசியில் 'கா' சேர்க்க வேண்டும். வாக்கியத்தின் முடிவில் 'ஹை' வரும். மரியாதைக்குரியவர்களுக்கு 'ஜி' உண்டு. எருமைக்கு ஜி உண்டா என்று கேட்டதற்கு, வயசான எருமையாக இருந்தால் உண்டு என்றார். அதையும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

எங்கள் மாடியில் வடக்கிலிருந்து வந்த ஒரு குடும்பம் குடியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோனார்கள். தொட்டி நிரம்பித் தண்ணீர் வாசலில் கொட்டியது. அப்பா என்னை மாடிக்குக் கூட்டிப் போய், "நீ சொல்லும்மா, இந்தியிலயே சொல்லு" என்று முன்னால் தள்ளினார்.

நான் கைகளைக் கட்டிக்கொண்டு, "தண்ணிகா ரொம்பிகா வழியுது ஹை. மோட்டார்ஜி நிறுத்துகா ஹை" என்றேன்.

மாடி வீட்டு அங்கிள் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். அந்த அங்கிள் மூன்று வருஷமாகச் சென்னையில் இருந்தவர், தமிழ் நன்றாகவே புரியும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பெருமை தாங்காமல் அம்மா அன்று மாலையே என் நோட்டை எடுத்துக்கொண்டு போய் மாடி வீட்டு ஆன்ட்டியிடம் காட்டினாள். ஆன்ட்டி நாலைந்து பக்கம் புரட்டினார். நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்தார்.

"அக்கா, இது எல்லாம் தமிழ். மேலே கோடு மட்டும்தான் எங்களோடது" என்றார்.

அம்மா கோட்டை விரலால் மறைத்தாள். "பப்ஸ்ஜி சூடுகா ஹை" என்று வாய்விட்டுப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை நடந்தது. நான் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. பேக்கரியைச் சொன்னேன், பப்ஸைச் சொன்னேன். எண்கள் கற்றுத்தரும்போது சார் சித்தியின் விரல்களைத்தான் பிடித்து எண்ணுவார் என்பதையும், பாடம் நன்றாக நடந்ததற்குச் சாட்சியாகச் சொன்னேன். கதவருகே நின்றிருந்த சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா அழுதாள். என் சாரை ஏன் எல்லாரும் இப்படித் தப்பாக நினைக்கிறார்கள் என்று நானும் அழுதேன். சித்தி அந்த வாரம் முழுக்க வெளியே போகவில்லை. சாப்பிட மறுத்தாள். "நீங்களே போய் அவனை நாலு வார்த்த நறுக்குன்னு கேளுங்க" என்று அம்மா அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை, சாரை அடையாளம் காட்ட அப்பா என்னைப் பேக்கரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். எங்களைப் பார்த்ததும் சார் எழுந்து நின்றுவிட்டார். அப்பா எதிரே உட்கார்ந்தார்.

"வீடு எங்க?"

"கூடுவாஞ்சேரி சார். அப்பா இல்ல, அம்மா மட்டும். எங்க வூட்ல பேசிட்டேன் சார். உங்க வூட்டுக்கு வரத்தான் பயந்துகினு இருந்தேன்."

"இந்தி?"

"சுத்தமா தெரியாது சார்."

அப்பா சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் மூன்று டீ சொன்னார். ஒரு மணி நேரம் பேசிவிட்டு, அவருடைய அம்மாவைக் கூட்டிக்கொண்டு அடுத்த மாதம் எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னார். திரும்பும்போது ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு என்னிடம் குனிந்தார். "அம்மா கேட்டா, அப்பா பயங்கரமா சத்தம் போட்டாருன்னு சொல்லணும். சரியா?"

ஆறு மாதம் கழித்து, பெருங்களத்தூரில் ஒரு சின்ன மண்டபத்தில் அவர்கள் கல்யாணம் நடந்தது. என் இந்தி சார் எனக்குச் சித்தப்பா ஆனார். எனக்கு இன்றுவரை இந்தி வரவில்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? அப்பா முகம் கழுவப் போனதும், அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாள். அப்பா பயங்கரமாகச் சத்தம் போட்டார், சார் நடுங்கிப்போனார் என்று, சொல்லிக்கொடுத்ததற்கு மேலேயே சொன்னேன்.

அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். சித்தி இருந்த அறையை ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். பிறகு என் காதருகே வந்து, "ரொம்பத் திட்டிட்டாரா?" என்றாள். "பாவம், அந்தப் புள்ள திரும்பி வருவானா, மாட்டானா?"