கழுவாத சட்டை

அக்கா வீட்டு அலுமாரியில், அவளுடைய கூறைச்சேலைக்கு மேல், ஒரு பிளாஸ்ரிக் பை இருக்கிறது. ஆட்டிறைச்சியைப் பங்கு பிரித்து ஃப்ரீசரில் வைக்கும்போது வாயை விரலால் அழுத்தி மூடுவோமே, அந்த வகைப் பை. அதில் ஆகப் பெரியது. உள்ளே ஒரு கோல்கீப்பரின் மஞ்சள் சட்டை. நெஞ்சுக்குக் கீழே கறுப்பு மையில் ஒரு கையெழுத்து. அதைப் போட்டவர் யாரென்று அக்காவிடம் கேட்டால் "ஆரோ ஒரு பெடியன்" என்பாள். அந்தப் பெடியனுக்காகச் சாகத் தயாராக ஆர்ஜென்ரீனாவில் ஒரு பேட்டையே இருந்தது என்று அத்தான் சொல்வார்.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், புவனோஸ் ஐரிஸில் உள்ள ஒரே ஒரு பழைய உதைபந்தாட்டக் கழகத்தின் சட்டைகளை மட்டும் சேர்த்தார். கழகத்தின் பெயரைச் சொன்னால் உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சிரிப்பீர்கள், ஆகவே விடுகிறேன். ரயில்வேத் தொழிலாளர்கள் தொடங்கியது. நூறு வருடத்துக்கு மேல் பழமை. அவர்கள் கிண்ணம் வென்ற கதையும் கிட்டத்தட்ட அதே அளவு பழமை. அத்தான் அவர்களைத் தேடிப் பிடித்தார் என்று நினைக்கவேண்டாம். கனடாவுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஒரு அறையில் ஆறு பேராகக் கிடந்த காலத்தில், தேவாலயம் ஒன்றில் குளிருடுப்புக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருக்கிறார். பிந்திப் போனதால் கோட்டுகள் முடிந்துவிட்டன. மிஞ்சிக் கிடந்தது அந்தக் கழகத்தின் கோடுபோட்ட சட்டை ஒன்று. முதல் பனிக்காலம் முழுவதும் அதை உள்ளுக்குப் போட்டுத்தான் சமாளித்தார். பல வருடங்களுக்குப் பிறகு, ஸ்காபரோவில் அவர் வேலை செய்த பண்டகசாலையில், சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சட்டையோடு இருந்தவரைக் கண்டு ஒரு ஆர்ஜென்ரீனக்காரர் கண் கலங்கி நின்றாராம். தன் பேட்டையின் சட்டையை உலகத்தின் இந்த மூலையில், அதுவும் புட்டுச் சாப்பிடுகிற ஒருவருடைய உடம்பில், அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு பண்டமாற்று நடந்தது. ஆர்ஜென்ரீனக்காரர் மார்கழியில் ஊருக்குப் போனால், கழகத்தில் உடுப்புத் தோய்க்கும் தன் மைத்துனர் மூலம், ஆட்டக்காரர் விளையாடிக் கழற்றிய சட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவார். அத்தான் பதிலுக்கு அக்கா சுற்றிய மட்டன் ரோல்ஸ் கொடுப்பார். ஒரு சட்டைக்கு ஒரு தட்டு. நடுக்கள ஆட்டக்காரருக்கும் அதே விலைதான்; ஆனால் கப்டனின் சட்டை வந்தபோது அக்கா இரண்டு தட்டுச் சுற்றவேண்டியிருந்தது. யாருக்காகச் சுற்றுகிறோம் என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

சட்டைகள் மல்வேர்னில் அவர்கள் வீட்டின் பேஸ்மென்றில், ஒவ்வொன்றும் பிளாஸ்ரிக் உறைக்குள், கம்பியில் தொங்கின. நான் அந்த அருங்காட்சியகத்தின் உதவிக் காப்பாளர். சம்பளம் தேநீர். தகுதி ஒன்றுமில்லை, பள்ளிக்கூடத்தில் பந்து மதிலுக்கு வெளியே போனால் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்ததுதான் என் விளையாட்டு வாழ்க்கை. அத்தானிடம் சட்டங்கள் இருந்தன. தொடுவதற்கு முன் கை கழுவவேண்டும். வெயில் படக்கூடாது. யாரும் போடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கழுவக்கூடாது. "ஆரோ பெடியளின்ர வேர்வையை என்ர வீட்டில ஏன் வச்சிருக்கிறியள்?" என்று அக்கா மேலே நின்று கத்துவாள். அத்தான் கீழே இருந்து அமைதியாகச் சொல்வார்: "கழுவின சேட்டு கடையிலயும் கிடக்கு."

போடக்கூடாது என்ற சட்டத்தை அவரே ஒருநாள் மீறினார். அன்றைக்குத் தோற்றால் கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். ஞாயிறு பின்னேரம், பேஸ்மென்ற் ரீவியில் நேரடி ஒளிபரப்பு. அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள். ஆட்டம் தொடங்கமுன் அத்தான் எழும்பிக் கை கழுவினார், கோல்கீப்பரின் மஞ்சள் சட்டையை உறையிலிருந்து எடுத்தார், என்னைப் பார்க்காமல் தலைவழியாக மாட்டினார். கோல்கீப்பர் ஒல்லி. அத்தான் அப்படி இல்லை. கையெழுத்து அவருடைய வயிற்றில் ஏறி நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டது.

"அத்தான், பெடியன்ர பேர் பெருத்துப்போச்சு."

"வாயை மூடடா. பெனால்ரி."

கழகம் தப்பியது. சட்டை தப்பவில்லை. வேர்வையில் ஊறி முதுகோடு ஒட்டிக்கொண்டு கழலமாட்டேன் என்றது. அவர் கையை மேலே தூக்கிக்கொண்டு சரணடைந்தவர்போலக் குனிய, நான் சோபாவில் கால் உதைத்து நின்று இழுத்தேன். முழங்கால் வலிக்குப் பூசும் தைலம், ரோல்ஸ் எண்ணெய், பண்டகசாலைக் காட்போட் மட்டை எல்லாம் சேர்ந்த மணம் என் முகத்தில் வந்து மோதியது. கழற்றியதும் அவர் அதைக் காயவைக்கக்கூட இல்லை. அப்படியே உறைக்குள் போட்டார். "உன்ர அக்காவுக்குச் சொன்னியோ, உன்னைக் காப்பாளர் பதவியில இருந்து நீக்கிப்போடுவன்" என்றார். கழுவலாமே என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

போன மாசியில் வேலையில் விழுந்தார். இதயம். ஆஸ்பத்திரியில் சொன்னபோது நான் தலையாட்டினேன். செத்தவீட்டில் எல்லோரும் அழ, நான் கார் நிறுத்த இடம் போதுமா என்று யோசித்தேன். போதவில்லை, அதனால் வாசலில் நின்று கார்களுக்குக் கை காட்டினேன். நல்லாய் ஒழுங்குபடுத்தினாய் என்று பலர் பாராட்டினார்கள். எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு, அவருக்குப் பிடித்த சாமான்கள் எல்லாம் சமைத்துப் படைத்தார்கள். கணவாய்க் கறிக்கு உப்பே போடவில்லை என்று ஆளுக்காள் முணுமுணுத்தார்கள். நான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல் நாள், துடக்கு, அதாவது செத்தவீட்டுத் தீட்டு, கழிக்க வீடு கழுவினார்கள். தலைமை, எங்கள் சின்னம்மா. வீட்டில் துணி என்று பெயர் கொண்ட எதையும் அவர் விடுவதாக இல்லை. திரைச்சீலை, தலையணை உறை, அத்தானின் வேலைச் சட்டைகள், கதவுக்குப் பின்னால் தொங்கிய குளிர்க்கோட்டு, கம்பளித் தொப்பி எல்லாம் மெஷினுக்குப் போயின. கூடையைச் சுமந்தது நான்தான். சுமப்பதற்கு ஏதாவது இருந்தது நன்றாக இருந்தது. சின்னம்மா பேஸ்மென்றுக்கு இறங்கிக் கம்பியைக் கண்டபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

"சின்னம்மா, உதுகளைத் தொடாதேங்கோ. கையெழுத்துக் கிடக்கு."

"ஏன், கையெழுத்துக்குத் துடக்கில்லையோ?"

"உறைக்குள்ள கிடக்கு, சின்னம்மா. பிளாஸ்ரிக்குக்குள்ள துடக்குப் போகாது."

சாத்திரத்தில் இதற்கு இடமிருக்கிறதா என்று சின்னம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு "அதுவும் சரிதான்" என்று மேலே ஏறிவிட்டார். கம்பிக்கு முன்னால் கையை விரித்தபடி நின்றுகொண்டிருந்தேன். அத்தானின் சேகரிப்பைக் காப்பாற்றிவிட்டேன் என்று, அந்த மாதத்தில் முதல் தடவையாக, ஏதோ பெருமை போல ஒன்று வந்தது. மேலே மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை நான் பேஸ்மென்றில் தூசு தட்டிக்கொண்டிருந்தபோது அக்கா இறங்கி வந்து கடைசிப் படியில் இருந்தாள். வழக்கமாக அவள் அங்கே வருவதில்லை.

"ஒண்டிலயும் இல்லையடா."

"என்னது?"

"அவற்ர மணம். கோட்டுக்குள்ள தலையை விட்டுப் பாத்தன். தொப்பியில பாத்தன். எல்லாம் சோப்புத்தான் மணக்குது." கம்பியை நிமிர்ந்து பார்த்தாள். "ஆரோ பெடியளின்ர வேர்வையைக் காப்பாத்தி வச்சிருக்கிறாய், என்ன."

எனக்கு எந்தச் சபையிலும் ஒரு பகிடி வரும். அப்போது தேடினேன், வரவில்லை. பெருமையோடு கையை விரித்து நின்ற அந்த மடையனை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிறகுதான் மஞ்சள் நிறம் கண்ணில் பட்டது.

"அக்கா, அத்தான் உதில ஒண்டைப் போட்டவர்."

"விசர்க் கதை கதையாத. அவர் தொடவே விடாத மனுசன்."

"நான்தான் இழுத்துக் கழட்டினனான்."

முழுக் கதையையும் சொன்னேன். வயிறு, பெனால்ரி, சோபா எல்லாம். "கோயிலுக்குப் போன நேரம் பாத்து" என்று அவள் சொன்னாள். வாயோரம் கொஞ்சம் அசைந்தது. நான் உறையைத் திறந்து சட்டையை அவளிடம் கொடுத்தேன். கை கழுவ மறந்துவிட்டேன். அவள் அதை முகத்தில் வைத்தாள். எடுக்கவில்லை. நான் மற்றச் சட்டைகளின் உறைகளை ஒவ்வொன்றாக நேராக்கினேன். அவை ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன. அவள் முகத்தை எடுத்தபோது கையெழுத்தின் கடைசி எழுத்து ஈரத்தில் கொஞ்சம் கலங்கியிருந்தது. சேகரிப்பாளர்கள் கண்டால் அழுவார்கள்.

"இது கழுவேல்லைத்தானே?" என்று கேட்டாள்.

"இல்லை."

"கழுவின சேட்டு கடையிலயும் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே சட்டையோடு மேலே போனாள். குசினியில் இறைச்சிப் பை இருக்கும் லாச்சி திறந்த சத்தம் கேட்டது.

இப்போது சட்டங்கள் அவளுடையவை. அத்தானைவிடக் கடுமை. திறந்து திறந்து பார்த்தால் போய்விடுமாம். ஆகவே பை எப்போதாவதுதான் திறக்கப்படும். போன ஞாயிறு ரோல்ஸ் சாப்பிடப் போயிருந்தேன். அந்த ஆர்ஜென்ரீனக்காரருக்கு இன்றைக்கும் தட்டுப் போகிறது. சட்டை வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள். சாப்பிட்டு முடிந்ததும் அலுமாரியைத் திறந்தாள்.

"சோப்புப் போட்டுக் கையைக் கழுவிப்போட்டு வா. ரெண்டு மூச்சு. அதுக்கு மேல இல்லை."

கழுவிவிட்டு வந்து பைக்குள் மூக்கை வைத்தேன். ஒரு மூச்சு. ஒன்றும் இல்லை. இரண்டாவதைக் கொஞ்சம் நீட்டினேன். தைலம் இல்லை, எண்ணெய் இல்லை, காட்போட் இல்லை. பிளாஸ்ரிக் மணம்கூட இல்லை.

"இருக்கோ?" என்றாள் அக்கா.

"ஓம், அக்கா. தைலம் நல்லா மணக்குது."

அவள் பையின் வாயை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலால் அழுத்திக்கொண்டு போனாள். நம்பாமல் திரும்பவும் ஒருமுறை அழுத்தினாள். கூறைச்சேலைக்கு மேல் வைத்து அலுமாரியைச் சாத்தினாள். அவள் குசினிக்குப் போனபிறகு, இப்போதுதான் கழுவிய என் கையை மூக்கில் வைத்துப் பார்த்தேன். சோப்பும் மணக்கவில்லை. அப்படியென்றால் பழுது சட்டையில் இல்லை.