ஜெர்மனியில் அப்பாவின் மூன்று மாதம்

ஜெர்மனியிலிருந்து வந்த கடிதத்தை நான்கு முறை படித்தேன். நான்கு முறையும் ஐம்பத்தெட்டு மாதம் என்றே இருந்தது. அறுபது மாதம் சந்தா கட்டியிருந்தால்தான் அந்த நாட்டில் ஆயுள் முழுக்க ஓய்வூதியம். எனக்குப் பிறகு என் மனைவிக்கும் ஒரு பங்கு. ஒரு மாதம் குறைந்தாலும் கிடையாது. இளவயதில் அங்கே வேலை பார்த்துவிட்டுப் போடிக்குத் திரும்பி, மலைமேல் போடிமெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஏலத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவன் நான். ஏலக்காய் விலையை மட்டும் நம்பி அவளை விட்டுவிட்டுப் போக எனக்குத் தைரியம் இல்லை.

"நான் பார்த்தது அறுபத்தோரு மாசம். எந்தத் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்" என்றேன் அவளிடம்.

"என்கிட்ட சொன்னா ஆச்சா? ஜெர்மன்காரன் ஒத்துக்கிரணும்ல. காலையில இருந்து இதையே சொல்லிக்கிட்டு... போயி அவன் கேட்டதைக் குடுக்குற சோலியப் பாருங்க."

அவர்கள் இங்குள்ள வருமான வரி எண்ணையும் கேட்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் பான் எண்ணைத் தட்ட, நான் அவர் தோளுக்கு மேல் எட்டி நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். ஐந்தாவது எழுத்து கே.

"என் பேரு எஸ்ல ஆரம்பிக்குது. இதுல கே எப்படி வந்துச்சு?"

"ஐயா, இத்தன வருசம் இத வச்சுத்தான வரி கட்டுனீங்க? அஞ்சாவது எழுத்து குடும்பப் பேரோட எழுத்து. நமக்கு ஏது குடும்பப் பேரு? உங்க அப்பா பேரப் போட்டிருப்பீங்க."

அப்பாவின் பெயர்தான். ஜெர்மன் ஓய்வூதிய எண்ணிலும், பிறந்த தேதியை அடுத்து, அப்படி ஓர் எழுத்து உண்டு. என்னுடையதில் அது எஸ். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

அங்கே போனதும் மூன்று மாதம் ஒரு சின்னப் பட்டறையில் இருந்தேன். குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். அப்பா பெயரைக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து மேஸ்திரி, இயந்திரச் சத்தத்துக்கு மேலாக அப்பாவின் பெயரைச் சொல்லிக் கத்தினார். போடியில் யாரும் அந்தப் பெயரை அப்படி மொட்டையாகச் சொன்னதில்லை. எனக்கு உடம்பு கூசியது. அடுத்த தொழிற்சாலையில் சேர்ந்தபோது, திட்டுவதானால் என்னையே திட்டட்டும் என்று என் பெயரையே குடும்பப் பெயராக எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் கணக்கில் அவன் வேறு ஆள். அவனுக்கு வேறு எண்.

வீட்டில் சொன்னதும் மனைவி இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள்.

"மாமா மூணாறத் தாண்டிப் போனதில்ல. அவரு ஜெர்மனியில மூணு மாசம் வேல பாத்திருக்காரா!"

"சந்தாவும் கட்டியிருக்கார்" என்றேன்.

பட்டறையை மூடிப் பல காலம் ஆகிவிட்டது. என் கையில் அங்கிருந்து ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. எங்கள் பக்கம் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, அப்பாவின் பெயரைத்தான் முன்னெழுத்தாக வைப்போம் என்று விளக்கி, இதே பிறந்த தேதியில் கே எழுத்தோடு ஓர் எண் தூங்கிக்கொண்டிருக்கும், தேடுங்கள் என்று எழுதினேன். இரண்டு பெயரும் சேர்ந்திருக்கும் பழைய பாஸ்போர்ட்டின் நகலையும் வைத்தேன். பதில் வரும்வரை தபால்காரரை நான் படுத்திய பாட்டில், அவர் எங்கள் தெருவுக்குள் வரும்போதே "இல்லைங்கய்யா" என்று தலையாட்டிக்கொண்டு வந்தார்.

ஒருநாள் தலையாட்டவில்லை. வாசலிலேயே பிரித்தேன். இரண்டு எண்களையும் ஒன்றாக்கிவிட்டார்கள். மொத்தம் அறுபத்தொன்று! தபால்காரரை நிறுத்திவைத்து அவருக்கும் படித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஒரு தடவை. நான் சொன்ன கணக்கு சரி, ஒரு மாதம் கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று தெருமுனை டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

கடிதத்தில் மனைவியின் பங்கைப் பற்றி இருந்ததை அவளுக்கு நிறுத்தி நிதானமாகத் தமிழில் சொன்னேன். கேட்டுவிட்டு, மறுபடி சொல்லச் சொன்னாள்.

"உங்களுக்குப் பெறகு வர்றதை நான் எப்பக் காணப் போறேன்? இப்ப வர்றதுல பாதியக் குடுங்க" என்றாள்.

முதல் மாதப் பணம் வந்த அன்றே கொடுத்துவிட்டேன்.