ஆட்டிடம் கேட்ட கருத்து

அரசாங்கத் திட்டங்களால் பலன் உண்டா என்று ஊர் ஜனங்களைக் கூட்டி உட்காரவைத்து விசாரிப்பது அப்போது என் உத்தியோகம். கூட்டத்தின் வாயைத் திறக்க ஒரு ஜோக் போதும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றில் புதுக் கிணற்றைப் பற்றிக் கேட்டேன். எல்லோரும் "நல்ல தண்ணி" என்றார்கள். ஆடு மேய்க்கும் மாடசாமி மட்டும் எழுந்தார்.

"எங்க ஆடு மோந்து பாத்துட்டு, குடிக்காமப் போயிருதுய்யா."

"அப்போ ஆட்டையும் கூட்டியாரும் வே, அதுகிட்டயும் கருத்து கேட்டிருவோம்!" என்றேன்.

ஊரே உருண்டு சிரித்தது. "ஆட்டு வக்கீலு, உக்காரும் வே!" என்றான் ஒருவன். மாடசாமி உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் திருப்தி என்று எழுதிக் கொடுத்தேன்.

மறுவருஷம் போனபோது, அந்தத் தண்ணீரால் வாந்திபேதி வந்து, கிணற்றையே மூடியிருந்தார்கள். மறுபடியும் கூட்டம் போட்டேன். மாடசாமி ஓர் ஆட்டை இழுத்துவந்து என் எதிரே நிறுத்தினார்.

"கேளுங்கய்யா. பொஞ்சாதியும் பிள்ளையும் போயிட்டாவ. எங்க வீட்டுல பேசுததுக்கு இது ஒண்ணுதான் மிச்சம்."

ஆடு என்னையும் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இப்போதும் கூட்டங்களில் ஜோக் சொல்லுகிறேன், என்னைப் பற்றி மட்டும். சரக்குக்குப் பஞ்சமே இல்லை.