வெள்ளைப் பூ எந்தப் பக்கம்

மேனேஜர் ஆகச் சம்மதமா என்று சாஃப்ட்வேர் கம்பெனியில் கேட்டிருந்தார்கள். சம்மதம் என்றால் சம்பளம் கூடும். கோட் எழுதுவது நின்றுபோகும். ராஜபாளையம் வீட்டு மாடியிலிருந்து வேலை பார்க்கும் சொகுசை விட்டுவிட்டு பெங்களூர் போக வேண்டும். திங்கட்கிழமைக்குள் பதில்.

கோட் எழுதுவது எனக்குப் பிடிக்கும். பிடித்ததா, பழகிவிட்டதா என்று கேட்டால் அதற்கும் யோசிக்க வேண்டும். போதாததற்கு மகள் காலேஜ் சேரப் போகிறாள். எக்செல்லில் சாதக பாதகங்களைப் போட்டு மார்க் போட்டேன். சமமாக வந்தது. மார்க்கை மாற்றினேன். மறுபடியும் சமம். இத்தனை வருடம் வாங்கிப் படித்த புத்தகங்கள் அலமாரியில் நின்றபடி வேடிக்கை பார்த்தன.

"பூப் போட்டுப் பாத்துருவோம்" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். ஆண்டாள் சந்நிதியில் வைத்து வாங்கிவந்து பிரகாரத்தில் உட்கார்ந்தோம். கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன். அவள் பிரித்தாள். வெள்ளை.

பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் இருக்குமே, அப்படி இருந்தது.

"சரி, பெங்களூர்தான்" என்றேன்.

"என்னது? வெள்ளைன்னா இங்கனயே இருக்கதுல்லா?"

"யாரு சொன்னா?"

"நீங்கதான் ஒண்ணும் சொல்லலியே. நா அப்படித்தான் வேண்டிக்கிட்டேன்."

"நா மாத்தில்லா நெனச்சேன்."

"நல்லா நெனச்சீக போங்க. ஆபீஸ்லயும் இப்படித்தான் வேலை பாக்கீகளா? உங்களையா மேனேஜராக்குதாக?"

என்ன வேண்டும் என்று முதலில் எழுதி வாங்காமல் ஒரு வரி கோட் எழுதாதே என்று ஜூனியர்களுக்கு வகுப்பு எடுப்பவன் நான். ஆண்டாளிடம் எழுதி வாங்கவில்லை.

"இன்னொருக்க போடுவோமா?"

"சாமிட்ட ஒருக்கதான் கேக்கலாம். பொறவு உங்க இஷ்டம்."

திரும்பும் பஸ்ஸில், கோட் எழுதுவதை விடப்போகிறோமே என்று வருத்தம் வரட்டும் எனக் காத்திருந்தேன். வரவில்லை. வராத வருத்தத்துக்காகச் சம்பளத்தை எப்படி வேண்டாம் என்பது? போனை எடுத்து, சம்மதம் என்று மெயில் அனுப்பினேன்.

"அனுப்பிட்டீகளா?"

"ம்."

"சந்தோசமா இருக்கா?"

நிஜமாகவே சற்று யோசித்துப் பார்த்தேன். "ஒண்ணும் தெரியல."

"சரி, எந்திரிங்க. ஸ்டாப் வந்துருச்சு."